கைப்பிடியைக் கழட்டினது யார்

எங்கள் தெரு அருங்காட்சியகத்துக்குள் காலை வைத்ததும் முதலில் கண்ணில் படும் பொருள் நாமேதான். முன்பு அது சலூனாக இருந்த இடம். சலூன்காரர் பெரிய கடை பிடித்துக்கொண்டு போனபோது சீப்பு, கத்திரி, காலண்டர் வரைக்கும் வாரிக்கொண்டு போனார். சுவரோடு பதித்த கண்ணாடியும், தரையில் முடுக்கிவைத்த சுழல் நாற்காலியும்தான் பெயர்ந்து வரவில்லை. அதனால் தள்ளுவண்டிச் சக்கரம், மூடிப்போன கொட்டகையின் டிக்கெட் ஜன்னல், யாரோ தவறவிட்டு யாரும் தேடி வராத ஒற்றைக் கம்மல் எல்லாவற்றுக்கும் நடுவில் நம் மூஞ்சியும் தெரியும். "இது எந்தக் காலத்துப் பொருள்?" என்று பக்கத்தில் நிற்பவரைக் காட்டிக் கேட்காமல் யாரும் வெளியே வந்ததில்லை.

இதை நடத்துபவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நுழைவு இலவசம் என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டு, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைக் கிழித்துத் திணிப்பார். கிழிக்காவிட்டால் அவருக்கு விரல் நமைக்கும். வாசலில் நாலு பேர் நின்றுவிட்டால் போதும்.

"உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு."

உள்ளே இடம் இருக்காது. இருந்ததே இல்லை.

ஆனால் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தார். தெருக்காரர்களின் ஞாபகங்களை வாங்கிப் பதிவுசெய்ய அந்தச் சுழல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "முடி வெட்டுற நாற்காலியில உட்கார்ந்தா எவனுக்கும் வாய் நிக்காது" என்பது அவர் கண்டுபிடிப்பு. கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியையும் போர்த்திவிடுவார். துணி விழுந்தால் பேச்சு தானாக வரும். அப்படிப் பிடித்த பேச்சையெல்லாம், ஒவ்வொரு பொருளுக்கும் கீழே தொங்குகிற பழைய டெலிபோன் ரிசீவர்களில் ஏற்றிவைத்தார். ரிசீவரைக் காதில் வைத்தால் அந்தப் பொருளின் கதை கேட்கும். ஒரு பொருளுக்கு ஒரு கதை, ஒரு அட்டை, அட்டையில் ஒரு பேர். ஒரு டிக்கெட்டில் ரெண்டு பேரை அவர் ஏற்றினதில்லை.

திறப்பு விழாவுக்கு எல்லா அட்டையும் தயார். ஒன்றைத் தவிர.

அது அடிபம்பின் கைப்பிடி. எங்கள் தெருவில் இன்றைக்கு வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் வருகிறதென்றால் அந்தக் கைப்பிடிதான் காரணம். அப்போதெல்லாம் தெருவுக்கு ஒரே ஒரு அடிபம்பு. வேலை செய்கிற அடிபம்பு இருக்கும் தெருவுக்கு வீட்டுக்குழாய் கிடையாது என்று நகராட்சி சொல்லிவிட்டது. பம்பு ஓடுகிறதா என்று பார்க்க ஓவர்சியர் வரப்போகும் நாளில், விடியும் முன்னால் யாரோ கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். அவர் வந்தார், பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தார், எதைப் பிடித்து அடிப்பது என்று தெரியாமல், 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். குழாய் வந்தது.

கழற்றியது யார் என்பதுதான் தகராறு. நாங்கள் எல்லோரும் சொன்ன பேர் அண்ணி.

அண்ணி என்றால் தெருவுக்கே அண்ணி. தையல்காரர். தெருவில் பாதிப் பேரின் இடுப்புச் சுற்றளவு அவருக்கு மனப்பாடம். கோபம் வந்தால் சத்தமாகச் சொல்லியும் விடுவார். எதிர் வீட்டில் அவருடைய நாத்தனார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தாலும் ஹலோ, கடையில் கத்தரிக்காய் பொறுக்கினாலும் ஹலோ. அதனால் அவர் ஹலோ அக்கா. காலையில் எழுந்ததும் எதிரும் புதிருமாக வாசலில் நின்று ஒருவரை ஒருவர் வாரினால்தான் இரண்டு பேருக்கும் அன்றைய பொழுது தொடங்கும்.

"கழட்டினது நான்" என்பது ஹலோ அக்காவின் வழக்கு. நம்பத்தான் ஆள் இல்லை. "நான் கண்ணால பார்த்தேன், அண்ணி தலையில பச்சைத் துண்டு கட்டிக்கிட்டு திருகு திருகுன்னு திருகினாங்க" என்று சாட்சி சொல்லத் தெருவில் பத்து வீடு இருந்தது. அத்தனை பேரும் அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்கள்.

கண்டக்டர் ஒவ்வொருவராகத்தான் பதிவுக்கு வரச் சொன்னார். இவர்கள் ஒன்றாக வந்தார்கள். தனியாக வந்தால் சண்டை போட ஆள் வேண்டாமா?

ஹலோ அக்கா முதலில் நாற்காலியில் ஏறினார்.

"ஹலோ. அன்னைக்கு விடியக்காலம் நான் எக்ஸ்சேஞ்சு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு..."

"ஸ்பேனராம்" என்றார் பெஞ்சிலிருந்து அண்ணி. "பிளக்கைக் குத்தி எடுக்கற வேலைக்கு ஸ்பேனர் எதுக்கு?"

"லைன்மேன் வச்சுட்டுப் போனது. கண்டக்டர் தம்பி, நடுவுல பேசறவங்களை இறக்கி விடுங்க."

"அண்ணி, நீங்க கொஞ்சம்..."

"நான் வாயே திறக்கலையே."

"நட்டு துருப்பிடிச்சிருந்துச்சு. கைப்பிடியைக் கழட்டி அண்ணி கையில குடுத்தேன். அவங்க அதை ஒளிச்சு வச்சாங்க. அதுக்கு மேல அவங்க ஒண்ணும் பண்ணல."

"ஒளிச்சு வச்சது சும்மாவா? திண்டுக்குள்ள பஞ்சோட வச்சுத் தைச்சேன். அந்த ஓவர்சியர் விசாரிக்க வந்து அதே திண்டுலதான் சாய்ஞ்சான். முதுகுக்கு இதமா இருக்கும்மான்னு வேற சொன்னான்."

"அது சரி. கழட்டினது யாரு, அதைச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

"நான்தான். மிஷின் ஸ்குரூடிரைவரால."

ஹலோ அக்கா நாற்காலியோடு சுழன்று திரும்பினார். "பாபின் மாட்டற ஸ்குரூடிரைவரால பம்பு நட்டு கழண்டுச்சாம். கேக்கறவன் கேணையனா இருந்தா நாளைக்கு ஊசியாலன்னுகூடச் சொல்வாங்க. நீங்களே பேசிக்குங்க, நான் போறேன்."

துணியை உதறிப் போட்டுவிட்டு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அண்ணி நாற்காலியில் ஏறித் தன் கதையைச் சொன்னார், ஸ்குரூடிரைவர், பச்சைத் துண்டு எல்லாம் சேர்த்து. முடிந்ததும் கண்டக்டர் "ஸ்டாப்" என்றார். இத்தனை வருஷமாக வாயால் சொல்லித்தானே பஸ்ஸை நிறுத்தினார்? பதிவு மிஷினுக்கு ஒரு பட்டன் உண்டு, அதை அமுக்க வேண்டும் என்பது அவர் புத்தியில் நிற்கவில்லை.

திறப்பு விழா அன்று காலை கண்டக்டர் ஹலோ அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்கதான் இதுல கை தேர்ந்தவங்க. எல்லா ரிசீவரையும் ஒரு தரம் காதுல வச்சு லைன் சரியான்னு பார்த்துடுங்க. அந்தக் கைப்பிடி அட்டையில மட்டும் பேர் எழுதல. ரெண்டு பேர் பேசினதும் அதுல இருக்கு. நான் கேட்டேன், எனக்கு முடிவு பண்ணத் தெரியல. கடைசி வரைக்கும் கேக்க நேரமில்ல."

"ஊரே அவங்க பேரைச் சொல்லுது. எழுத வேண்டியதுதானே."

"உங்க முகத்தைப் பார்த்தா எழுத வரல."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கிச் சம்பளம் பார்த்தவர் ஹலோ அக்கா. கேட்டதை வெளியே சொல்லமாட்டார், ஆனால் கேட்காமலும் இருக்கமாட்டார். சக்கரம் சரி. ஜன்னல் சரி. கம்மலில் கொஞ்சம் இரைச்சல், ஆனாலும் சரி. கைப்பிடியின் ரிசீவரை எடுத்தார். தன் குரலைக் கேட்டு, "குரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அண்ணி குரல் வந்ததும் உதட்டைச் சுழித்தார். ஸ்குரூடிரைவர் வந்தது, பச்சைத் துண்டு வந்தது, "ஸ்டாப்" வந்தது. ரிசீவரை வைக்கப் போனார். லைன் உயிரோடு இருக்கிறது என்று காது சொன்னது. வைக்கவில்லை.

"நிறுத்திட்டியா தம்பி?"

"நிறுத்திட்டேன் அண்ணி."

"அவ எங்க இருக்கா, பாரு."

"வாசப்படியில. முதுகு இந்தப் பக்கம்."

"அவளுக்கு முதுகுலயும் காது உண்டு. மெதுவாப் பேசு. உன் மனசுல வச்சுக்க. கழட்டினது அவதான்."

"அண்ணி..."

"ஸ்குரூடிரைவரால எவளாவது பம்பைக் கழட்டுவாளா? உனக்காவது புத்தி வேண்டாமா?"

"அப்ப ஏன் இத்தனை வருஷமா?"

"எழுதிக்கிட்டுப் போன ஓவர்சியர் திரும்பி வந்து தெரு நடுவுல நின்னு கத்தறான். அரசாங்கச் சொத்து, யாருன்னு தெரிஞ்சா ஜெயில்ங்கறான். அவ அப்பதான் எக்ஸ்சேஞ்சுல சேர்ந்திருக்கா, வேலை நிரந்தரம்கூட ஆகல. திருட்டுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கென்ன? தையல் மிஷினை யாரு சஸ்பெண்ட் பண்ணுவா? நான்தான் கழட்டினேன், கால்வாயில போட்டுட்டேன்னு சொன்னேன். நகராட்சி ஆபீஸ்ல கொண்டுபோய் உட்கார வச்சான். பொழுது சாயற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுக்கல. தண்ணிக்காகப் போனவளுக்கு."

"அக்காகிட்ட சொல்லலாமில்ல?"

"சொன்னா அன்னைக்கே ஓடிப்போய் ஒத்துக்குவா. வாய் நிக்குமா அவளுக்கு? கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள தெருவே வந்து பாராட்ட ஆரம்பிச்சிருச்சு. அது நல்லா இருந்துச்சு தம்பி. அளவு எடுக்க வந்தவளுங்க எல்லாம் என்னைக் கீழேயிருந்து மேல பார்த்தாளுங்க. அப்புறம் திருப்பிக் குடுக்க மனசு வரல."

ரிசீவரில் நாற்காலி கிறீச்சிட்டது. அதோடு சரி.

ஹலோ அக்கா ரிசீவரைத் தாங்கியில் மாட்டினார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார்.

"என்னக்கா, லைன் சரியா?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் சீட்டுக்கட்டோடு வந்தார்.

"லைன் எல்லாம் சுத்தம். ஒண்ணே ஒண்ணுல மட்டும் கிராஸ் டாக் விழுது."

"அப்படின்னா?"

"நமக்காகப் பேசாததெல்லாம் நம்ம காதுல விழறது. ஸ்டாப்னு சொன்னா நிக்கறதுக்கு அது என்ன பஸ்ஸா தம்பி?"

கண்டக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சீட்டுக்கட்டு கையிலிருந்து நழுவியது.

"ஐயோ, அக்கா. நான் சத்தியமா..."

"இதை வேற யார் கேட்டது?"

"யாரும் கேக்கல. நானே இந்தக் கடைசித் துண்டைக் கேக்கல." கண்டக்டர் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. "ஒரு விதத்துல நல்லதாப் போச்சுக்கா. என்கிட்ட வெளிய சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாங்க, நானும் சொல்லல. இப்ப அவங்க வாயாலேயே நீங்க கேட்டாச்சு. நியாயம் உங்க பக்கம். சாயங்காலம் தெருவே கேக்கட்டும். அட்டையில உங்க பேரை எழுதிடறேன்."

பேனாவின் மூடியைத் திறந்தார். ஹலோ அக்கா பேனாவையே பார்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்தது அந்தப் பேனாவுக்குத்தான். கண்டக்டர் அட்டையில் கையை வைத்தபோதுதான் அக்கா வாய் திறந்தார்.

"அவங்களை ஆபீஸ்ல உட்கார வச்ச அன்னைக்கு இருட்டினப்புறம் நான் டியூட்டி முடிஞ்சு வர்றேன். தெரு முழுக்க அவங்க வாசல்ல. எனக்கு வயிறு எரிஞ்சுது. 'என்ன அண்ணி, பேர் வாங்கியாச்சா'ன்னு கேட்டேன். அவங்க சொம்பைத் தூக்கி மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சாங்க. கொழுப்பு, பதில்கூடச் சொல்லலைன்னு நினைச்சேன்."

"அது விடுங்கக்கா. எழுதட்டுமா?"

"மூடியைப் போடுங்க."

"அக்கா?"

"நாற்காலியைத் துடைங்க. நான் திரும்பப் பேசணும். பழசு மொத்தத்தையும் அழிச்சிடுங்க."

"இதுலதானே உங்களுக்கு நியாயம் கிடைக்குது."

"கிடைச்சா? நாளைக்குக் காலையில எழுந்து நான் எதிர் வீட்டுல என்னத்தைச் சொல்லிக் கத்தறது? உங்க அருங்காட்சியகத்துல வைக்க ஒரு பேர் வேணும். எனக்கு வாசல்ல நின்னு பேச ஒரு ஆள் வேணும். துணியைப் போர்த்துங்க."

கண்டக்டர் துணியைப் போர்த்தினார். ஹலோ அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹலோ. அடிபம்பு கைப்பிடியைக் கழட்டினது எங்க அண்ணி. நான் ஸ்பேனர் மட்டும் எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"பொய் சொல்றீங்களேக்கா."

"எத்தனை பேர் பொய்யை ஒயர்ல கோத்து விட்டிருக்கேன். என் பங்குக்கு ஒண்ணு இருக்கக்கூடாதா? பட்டனை அமுக்குங்க. அமுக்குங்க தம்பி, வாயால சொல்லாதீங்க."

சாயங்காலம் தெரு மொத்தமும் சலூனுக்குள் நின்றது. கண்டக்டர் எல்லோர் கையிலும் சீட்டுக் கொடுத்தார், எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார். கண்ணாடிக்குள்ளும் அதே கூட்டம் நின்றதால் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் உள்ளே என்று தெரியவில்லை.

அண்ணி நேராகக் கைப்பிடிக்குப் போனார். அட்டையில் 'கழட்டியவர்' என்று போட்டு, பக்கத்தில் காலியாக இருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். சண்டைக்குத் தயாராகத்தான் வைத்தார். கண்ணாடியில் புருவம் ஏற்கனவே தூக்கியிருந்தது. கேட்கக் கேட்கப் புருவம் இறங்கியது. ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுத்துக் கேட்டார்.

"ஏய், இங்க வா."

ஹலோ அக்கா வந்தார்.

"என்ன சொல்லி வச்சிருக்கே இதுல?"

"உண்மையைச் சொல்லி வச்சிருக்கேன் அண்ணி."

"மூளை கீளை கலங்கிப் போச்சா? கழட்டினது நீதானேடி."

அண்ணி அதைச் சொன்ன குரல், இடுப்புச் சுற்றளவு சொல்கிற குரல். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"நான் எங்க கழட்டினேன்? பச்சைத் துண்டு கட்டிக்கிட்டு திருகினது நீங்க. பத்து வீடு பார்த்துச்சு."

"பத்து வீடும் தூங்கிச்சு. நீதான் ஸ்பேனரோட வந்தே. என் கையில குடுத்தப்ப உன் விரல்ல துரு ஒட்டியிருந்துச்சு."

"உங்களுக்கு வயசாயிருச்சு அண்ணி. ஞாபகம் மாறுது."

"யாருக்குடி வயசாச்சு?"

அப்போது பின்வரிசையிலிருந்து, பச்சைத் துண்டுச் சாட்சிகளில் முதல் ஆளான மளிகைக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"இப்ப யோசிச்சுப் பார்த்தா ஹலோ அக்காதான். தலையில பச்சைத் துண்டு. நான் கண்ணால பார்த்தேனே."

துண்டு ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாற ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வீடும் மளிகைக்கடைக்காரர் பின்னால் போனது.

அண்ணி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு குரலை இறக்கினார்.

"யாரு உனக்குச் சொன்னது?"

"லைன்ல விழுந்துச்சு."

அண்ணி திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தள்ளுவண்டிச் சக்கரத்தின் ஆரங்களை முதல் தடவை பார்ப்பவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது வரைக்கும் கேட்டே?"

"பாராட்டு நல்லா இருந்துச்சுன்னீங்களே, அது வரைக்கும்."

"அதையும் கேட்டுட்டியா."

"கேட்காம இருப்பேனா? அதுக்குத்தானே எனக்குப் பென்ஷன்."

அண்ணி பக்கத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த, அன்று கைப்பிடியை ஒளித்த திண்டைப் பார்த்தார். அதன் தையலைப் பார்த்தார். "பின்னால பிரிச்சு விட ஓரத்துல ஒரு பிடி விட்டுத் தைச்சிருக்கணும்" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு முந்தைய குரலுக்கே திரும்பினார்.

"கண்டக்டர் தம்பி, இவ பேரை எழுதுங்க."

"எழுதினீங்கன்னா நான் நாளைக்கு வந்து அட்டையைக் கிழிப்பேன்" என்றார் ஹலோ அக்கா. "அண்ணி பேரை எழுதுங்க."

"என் பேரை எழுதினா கைப்பிடியையே எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். திண்டுல இன்னும் பஞ்சு இருக்கு."

"எடுத்துக்கிட்டுப் போங்களேன் பார்ப்போம்."

"நீ யாருடி என்னைப் போகச் சொல்ல?"

கண்டக்டர் பேனாவோடு நடுவில் நின்றார். இந்தப் பக்கம் எழுதினால் அந்தப் பக்கம் இறங்கும், அந்தப் பக்கம் எழுதினால் இந்தப் பக்கம் இறங்கும். கடைசியில் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். பழக்கத்தில் கூட்டம் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. அந்த இடைவெளியில் குனிந்து அட்டையில் எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

அட்டை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரிசீவரைக் கேட்பார்கள், குனிந்து அட்டையைப் படிப்பார்கள், பிறகு கையில் சீட்டோடு தெருவில் இறங்கி அண்ணி வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். போன வாரம் ஒரு தம்பதி போய் நின்றார்கள்.

"அம்மா, அந்தக் கைப்பிடியைக் கழட்டினது நீங்களா?"

அண்ணி மிஷினை நிறுத்தவில்லை. "அட்டையில என்ன போட்டிருக்கு?"

"எதிர் வீட்டில் கேட்கவும்னு போட்டிருக்கு."

"படிக்கத் தெரியுதில்ல? இது எதிர் வீடா?"

அவர்கள் தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனார்கள்.

"ஹலோ" என்றார் ஹலோ அக்கா. "எதிர் வீட்டுலன்னு போட்டிருக்கா? சரியாத்தான் போட்டிருக்கு. அங்க போய்க் கேளுங்க."

மூன்றாவது தடவை தெருவைக் கடக்கும்போது அந்தப் பெண்மணி நின்று, அருங்காட்சியக வாசலில் இருந்த கண்டக்டரைப் பார்த்தார்.

"உள்ள வாங்க" என்றார் கண்டக்டர், இன்னொரு சீட்டைக் கிழித்துக்கொண்டே. "உள்ள இடம் இருக்கு."